ஒரு பிளாஸ்டர் அளவுக் காயம்

படலைக்கு வெளியே வான் வண்டியின் ஹோர்ன் விடாமல் அலறியது. முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின.

குசினியிலிருந்து றம்லா ஓடிவந்தார். கையில் அகப்பை. அதிலிருந்து ஆணம் சொட்டி நிலமெல்லாம் மஞ்சள் கோடு.

“மகள், எழும்பு! பெல்ட்டக் கழட்டு! கெதியாக் கழட்டு!”

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த ஸும்ரா தலையை மட்டும் திருப்பினாள்.

“ஆரு உம்மா?”

“ஆரா? ஒன்ட மாமி! சஹனோட வந்து எறங்குறாங்க. இந்தப் பெருநாளைக்கு வரமாட்டம், வான் ஹயருக்குப் போகுது எண்டு சொன்ன ஆக்கள். யா அல்லாஹ், இப்ப நான் என்னத்தச் செய்ய?”

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுநாள் அது. நிச்சயம் செய்த பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் சோறும் உழ்ஹிய்யாவாக அறுத்த இறைச்சியும் கொண்டுவருவதும், இரண்டு வீட்டுப் பெண்களும் பாயில் வட்டமாக அமர்ந்து ஒரே சஹனில் கைவைத்துச் சாப்பிடுவதும் குறிஞ்சிப்பிட்டியில் அந்தக் குடும்பங்களின் வழக்கம். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் சம்பந்தம் பாதி முடிந்த மாதிரி.

றம்லாவின் முகத்தில் இரத்தமே இல்லை. ஸும்ராவுக்கோ உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. உம்மா பாவம். உம்மாவுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். மாமிக்கு எல்லாம் தெரியும். மாப்பிள்ளை முபாரிஸ் சொல்லிவிட்டான். மாமி சும்மா வரவில்லை. நோயாளியைப் பார்க்கத்தான் வருகிறார்.

அதை இந்த நேரத்தில் உம்மாவிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஸும்ரா மெதுவாக எழுந்து நின்று, இடுப்பை இறுக்கியிருந்த அகலமான பெல்ட்டைப் பிரித்தாள். ‘சர்ர்’ என்று சத்தம் வந்தது. றம்லா அதைப் பறித்து அலுமாரிக்குள் உடுப்புகளுக்குப் பின்னால் திணித்தார்.

“முகத்தச் சுளிக்காம நட. நாரியில கை வெக்காத. விளங்குதா?”

“விளங்குது உம்மா.”

இந்த ஒளிப்பு மறைப்பெல்லாம் சும்மா தொடங்கியதல்ல. வாப்பா மௌத்தான பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்த மிளகாய்த் தோட்டத்தைத் தாயும் மகளும்தான் பார்த்தார்கள். கற்பிட்டிப் பக்கத்து மணல் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். கிணற்றில் நிரப்பிய பூவாளியைக் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி ஊற்றவேண்டும். ஒருநாள் காலை அப்படித் தூக்கி நிமிர்ந்தபோது ஸும்ராவின் முதுகில் ஏதோ ‘டக்’ என்றது. அவள் அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாரிப் பிடிப்பு என்று இடுப்பில் எண்ணெய் போட்டார்கள், மாத்திரை விழுங்கினாள், ஒத்தடம் கொடுத்தார்கள். நோவு போகவில்லை. இடுப்பில் தொடங்கி, பின் தொடை வழியாக இறங்கி, இடது கால் பெருவிரல்வரை நெருப்புக் கம்பி இழுத்த மாதிரி எரிந்தது. கடைசியில் புத்தளத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முள்ளந்தண்டின் கீழ் எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் வட்டத் தட்டு கிழிந்து, பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நெரிக்கிறது என்றார்கள்.

அந்தக் காலத்தில் கற்பிட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. யாரோ போய், “அந்தப் புள்ளைக்கு முள்ளந்தண்டு பழுது, புள்ள பெற ஏலாதாம்” என்று சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். புள்ள பெறுவதற்கும் அந்தத் தட்டுக்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னதை யார் வீடுவீடாகப் போய்ச் சொல்வது? அன்றிலிருந்து அந்த வீட்டில் ‘முதுகு’ என்ற சொல்லையே றம்லா வாயில் எடுக்க விடவில்லை.

பிறகுதான் கண்டக்குழி முபாரிஸ் வந்தான். கடற்கரை விடுதிகளுக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறவன். நல்ல பகிடிக்காரன். நிச்சயம் முடிந்ததும் பெரியவர்களின் அனுமதியோடு போனில் கதைக்கத் தொடங்கினார்கள். கதைக்கக் கதைக்க ஸும்ராவுக்கு அவன்மேல் ஆசை கூடிக்கொண்டே போனது. ஆசை கூடக்கூடப் பயமும் கூடியது. இவ்வளவு வெள்ளை மனசுக்காரனிடம் மறைத்துக்கொண்டு எப்படி வாழப்போவது?

ஒரு பின்னேரம், உம்மா தோட்டத்தில் நின்ற சமயம், போனில் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

“இதுக்கா அழுறீங்க?” என்றான் முபாரிஸ். “நான் நாள் முழுக்க வெள்ளக்காரன்ட நாரி நோவுக் கதையக் கேட்டுக்கிட்டுத்தான் வான் ஓட்டுறன். ஒலகத்துல முதுகு நோவாத ஆள் நான் மட்டுந்தான் போல.”

அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள் ஸும்ரா. அவனே தேடி விசாரித்தான். கண்டக்குழியில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் இதே வருத்தத்துக்குக் கொழும்பில் சிகிச்சை செய்து, இப்போது பாறையில் ஏறி மீன்பிடிக்கிறாராம்.

“முதுகக் கீறிப் பொளக்கிறல்ல ஸும்ரா. பேனை நுழையிற அளவு ஒரு துவாரம். அதுக்குள்ளால கெமராவ உட்டு, பிதுங்கின துண்ட மட்டும் எடுக்கிற. அடுத்த நாள் ஊட்ட வரலாம். தழும்புகூடத் தெரியாது.”

கிளினிக்கில் ஒரு நேர்ஸ் சொன்னதாக அவள் அதை உம்மாவிடம் சொன்னாள். மாப்பிள்ளைக்குத் தெரியும் என்று சொன்னால் உம்மா மயங்கி விழுந்திருப்பார். றம்லாவின் காதில் விழுந்தது கடைசி வசனம் மட்டும்தான். தழும்பு தெரியாது! அன்றே தன் கைக்காப்பைச் செலவுக்கென்று கழற்றிக் கொடுத்துவிட்டார். ஊருக்கு, “கலியாணச் சாரி எடுக்கக் கொழும்புக்குப் போறம்” என்று சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

சிகிச்சைக்குப் போன காலையில் முபாரிஸ் போன் எடுத்தான்.

“உம்மாக்கிட்டச் சொல்லிட்டன். எல்லாத்தையும் சொல்லிட்டன். உம்மா ஒங்களுக்காக இண்டைக்கு நோன்பு புடிச்சிரிக்கிறாங்க.”

அந்த ஒரு வசனத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அவள் அந்தச் சிகிச்சை மேசையில் குப்புறப் படுத்தாள். முழுதாக மயக்கவில்லை. முதுகை மட்டும் மரக்கச் செய்தார்கள். உள்ளே ஏதோ தள்ளுவதும் இழுப்பதும் தெரிந்தது. “காலுக்கு மின்சாரம் அடிக்கிற மாதிரி இருந்தா சொல்லுங்க” என்று டொக்டர் அடிக்கடி கேட்டார். திடீரென்று, யாரோ ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டது போல, காலில் எரிந்துகொண்டிருந்த நெருப்பு அணைந்தது. அவள் விம்மி அழுதாள். நோகிறதா என்று கேட்டார்கள். நோகாததால்தான் அவள் அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் விரலை நீட்டி நீட்டிச் சொன்னார்:

“மேல ஒரு பிளாஸ்டர்தான் இரிக்கு எண்டு உள்ளயும் காயம் சின்னதெண்டு நெனைக்காதீங்க. தட்டுல கிழிஞ்ச இடம் மூட நாள் எடுக்கும். நான் சொல்லுறவரைக்கும் நிலத்துல குந்தி இருக்கக் கூடாது, குனியக் கூடாது, பாரம் தூக்கவே கூடாது. தொழுகையும் கதிரையிலதான்.”

அதெல்லாம் போன கிழமை நடந்தது.

இப்போது முன்னறையில் ஸலாம் சத்தம் கேட்டது. ஸும்ரா முக்காட்டைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நடு அறைக்கு வந்தாள். சித்தி லெய்லா என்ற பெயர்கொண்ட மாமி உள்ளே வந்து அவளைக் கண்டதும் கைகளை விரித்தார். பருத்த உடம்பு, முழங்கால் நோவால் ஆடி ஆடி நடப்பவர், வாய் நிறையச் சிரிப்பு.

“வாங்க மகள், வாங்க! பாருங்க, ஹயர் கென்சலாகிட்டு. மகன் வேணாம் உம்மா, வேணாம் உம்மா எண்டு நிண்டான். நான்தான் சஹனத் தூக்கி வான்ல வெச்சிட்டு ஏறி இருந்துட்டன். எனக்கென்ன, மருமகள்ட ஊட்டுக்கு வர இவன்ட உத்தரவா வேணும்?”

அவரை ஒட்டி நின்ற மகள் ஷிம்லா, வந்ததும் வராததுமாக, “மதினி, எங்க சாரி?” என்றாள். “கொழும்புல எடுத்த சாரியப் பாக்கத்தான் நான் வந்த.”

“தைக்கக் குடுத்திரிக்கி மகள்” என்று முந்திக்கொண்டார் றம்லா.

“சாரியையுமா மாமி தைக்கிற?”

எல்லாரும் சிரித்தார்கள். றம்லாவின் சிரிப்பு மட்டும் இருமலாக வந்தது. ஸும்ராவும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஷிம்லாவுக்குத் தெரியாது போலிருக்கிறது. சின்னப் பெண், அவளிடம் சொல்லாமல் விட்டிருப்பார்கள். ஆனால் மாமி? மாமி ஏன் சுகம் விசாரிக்கவில்லை?

சித்தி லெய்லா அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

“மாஷா அல்லாஹ், இந்தப் புள்ளைட நேரான நடைய முதல் நாள் பாத்தப்பவே எனக்குப் புடிச்சுப்போச்சு. எனக்கு முழங்கால் ஏலா, குனிய ஏலா. குனிஞ்சு நிமிர ஒரு ஆள் ஊட்டுக்குள்ள வாறது எவ்வளவு பெரிய நிஃமத்து, பெரிய பாக்கியம், தெரியுமா றம்லா?”

ஸும்ராவின் காதுக்குள் ஏதோ இரைந்தது. மாமிக்கு ஒன்றும் தெரியாது. நோன்பும் இல்லை, துஆவும் இல்லை.

முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையில் ஒரு திரைச்சீலை. அதன் ஓர இடைவெளியில் முபாரிஸ் தெரிந்தான். கதிரையில் உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை நிமிர்ந்தான். அவள் கண்ணைக் கண்டதும் மறுபடி குனிந்துகொண்டான். கையில் போன்.

ஷிம்லா நடு அறையில் பாயை விரித்தாள். சித்தி லெய்லா சஹனை மூடியிருந்த துணியை எடுத்தார். நெய்ச்சோற்றின் ஆவியும் பொரித்த வெங்காய வாசனையும் வீட்டை நிறைத்தன.

“வாங்க வாங்க, ஆறப் போகுது. மருமகள், நீங்க என்ட பக்கத்துல.”

“அவ... அவ பொறகு சாப்பிடுவா” என்றார் றம்லா. “காலையிலேந்து வயிறு சரியில்ல எண்டு...”

“ஒரு புடி திண்டா வயிறு என்ன செய்யும்? சஹனுக்கு வராத மருமகளா? ஊட்டுக்குப் போய் நான் ஆக்கள்ட வாய்க்கு என்ன பதில் சொல்ல?” மாமி அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதனால்தான் மறுக்க வழியில்லாமல் போனது.

மாமி, எனக்கு நிலத்தில் இருக்க ஏலா. இவ்வளவுதான் சொல்லவேண்டும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. முபாரிஸ் அனுப்பியிருந்தான்.

‘இண்டைக்கு மட்டும் சமாளிங்க. நான் இன்னும் உம்மாக்கிட்டச் சொல்லல்ல. சத்தியமா நாளைக்குச் சொல்றன். எனக்காக இரிங்க.’

எனக்காக. அந்தச் சொல்லை அவள் இரண்டாம் முறையும் பார்த்தாள். பொய் சொல்லிவிட்டானே என்று மனசு வெந்தது. வெந்த அதே மனசு, பயந்துவிட்டான், பாவம், உம்மாவுக்கு ஒரே ஆண்பிள்ளை, நாளைக்குச் சொல்வான் என்று அவனுக்காக வாதாடவும் செய்தது. யார்தான் தன் மாப்பிள்ளைக்கு எதிராக முதல் சாட்சி சொல்வார்கள்?

சுவரைப் பிடித்துக்கொண்டாள். முதுகை நேராக வைத்து, முழங்காலை மடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பாயில் உட்கார்ந்தாள். றம்லா அவளைப் பார்த்த பார்வையில் உயிர் இல்லை. ‘வேண்டாம்’ என்று சொல்லவும் அவரால் முடியவில்லை. ‘இரு’ என்று சொல்லவும் முடியவில்லை.

“பிஸ்மில்லாஹ் சொல்லி எடுங்க.”

சஹனின் நடுவே கை எட்டவேண்டும். ஒவ்வொரு பிடிக்கும் முன்னால் சாயவேண்டும். முதல் பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பிடிக்கும் ஆகவில்லை. ஆகாது போலிருக்கிறதே என்று அவளுக்கே ஒரு துணிச்சல் வந்தது. மாமி எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் பார்த்து அவள் பக்கம் தள்ளினார்.

“நல்லாச் சாப்பிடணும். மகன் சொல்லுவான், ஒங்களோட கதைச்சா அவனுக்குக் களைப்பே தெரியாதாம். ராவுல வான் ஓட்டிட்டு வந்தாலும் மொகத்துல சிரிப்பு. எனக்கு அதைவிட என்ன வேணும்?”

ஸும்ராவின் கண் கலங்கியது. இந்த மனுசியிடம் சொல்வதற்கா அவன் இவ்வளவு பயந்தான்?

சாப்பாடு முடிந்தது. ஷிம்லா கைகழுவும் பாத்திரத்தைக் கொண்டுவந்து, எல்லார் கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். கழுவிய தண்ணீர் விழுந்து பாத்திரம் கனத்துப்போனதும் ஸும்ராவின் இடப்பக்கம் அதை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“கடைசியா உம்மாக்கு மதினிதான் ஊத்தோணும். நான் ஏன் மருமகள்ட நன்மையப் பறிக்க?”

மாமி வலப்பக்கத்தில் கையை ஏந்திக்கொண்டு காத்திருந்தார். ஸும்ரா இருந்த இடத்திலேயே இடுப்பைத் திருப்பி, இரண்டு கையாலும் பாத்திரத்தைத் தூக்கி, மறுபக்கம் கொண்டுபோனாள்.

பாதி வழியில் உள்ளே ஏதோ விட்டுப்போனது.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது. பாத்திரம் கை நழுவிக் கவிழ்ந்து, சோற்றுப் பருக்கையும் எண்ணெயுமாகத் தண்ணீர் பாய் முழுக்க ஓடியது. இடுப்பிலிருந்து பெருவிரல்வரை அந்தப் பழைய நெருப்பு, முன்பைவிட வெறியோடு, ஒரே இழுவையில் இறங்கியது. “உம்மா” என்று கத்தினாளா, கத்தாமலே நினைத்தாளா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“என்ன மகள்? என்ன செய்யுது?”

“தூக்காதீங்க, தூக்காதீங்க!” என்று றம்லா பாய்வதற்குள் ஷிம்லா அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துவிட்டாள். பிடித்தவளின் கை சட்டையின்மேல் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டு நின்றது.

“உம்மா... மதினிட முதுகுல பிளாஸ்டர் ஒட்டியிரிக்கி.”

ஸும்ரா பக்கவாட்டில் சரிந்து நனைந்த பாயிலேயே கிடந்தாள். இடது பெருவிரலை அசைக்கப் பார்த்தாள். கொழும்பில் டொக்டர் அடிக்கடி அசைத்துக் காட்டச் சொன்ன விரல். இப்போது அது வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

றம்லா தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார். இனி எதை மறைக்க? தோட்டம், பூவாளி, கிழிந்த தட்டு, கொழும்பு, கெமரா எல்லாம் அழுகையோடு சேர்ந்து கொட்டியது.

“சாரி எடுக்கப் போகல்ல. இதுக்குத்தான் போன. நான்தான் மறைச்ச, லெய்லா. ஒரு சம்பந்தம் இதால உட்டுப்போச்சு. இதுவும் போயிரும் எண்டு பயந்துதான் மறைச்ச. புள்ளைல ஒரு குத்தமும் இல்ல. என்னயத் திட்டுங்க.”

சித்தி லெய்லா திட்டவில்லை. முழங்கால் நோவோடு ஈரப்பாயில் மண்டியிட்டு, ஸும்ராவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தார். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். அவர் கையில் இன்னும் நெய்ச்சோற்று வாசனை இருந்தது.

“அடி பைத்தியக்காரி, ஒரு சொல்லுச் சொன்னா என்ன? கதிரையப் போட்டு இருத்தி, நானே ஊட்டி உட்டிருப்பனே. முதுகு நோகுற பொம்புளய நான் கண்டதில்லையா? நானே முழங்கால இழுத்துக்கிட்டுத் திரியிறவ.”

ஸும்ராவால் மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. நோவில் வந்ததில்லை அது.

“ஷிம்லா, முபாரிஸ் நானாவக் கூப்புடு. வான்ல பின் சீட்ட மடிக்கச் சொல்லு. படுக்க வெச்சு இப்பவே புத்தளம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவம்.”

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. முபாரிஸ் ஏற்கெனவே திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஷிம்லா சீலையை விலக்கியதும் அவன் முகம் தெரிந்தது.

ஸும்ரா படுத்த இடத்திலிருந்து அவனைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றவன், இன்றைக்கே சொல்லலாமே. பாதை இவ்வளவு லேசாகிவிட்டதே. மாமி மடியைத் தந்துவிட்டார். மிச்சம் ஒரு ‘ஓம்’ மட்டும்தான். ‘ஓம் உம்மா, எனக்குத் தெரியும், என்னிடம் சொன்னாள், நான்தான் அந்த டொக்டரைத் தேடிக் கொடுத்தேன்.’ அதைச் சொல்லிவிட்டால் போதும். இந்த நோவு எத்தனை மாதம் இருந்தாலும், கால் இழுபட்டாலும், மறுபடி அந்த மேசையில் குப்புறப் படுக்க வேண்டி வந்தாலும், அவள் தாங்கிக்கொள்வாள். சாப்பிட உட்காரும்போது பாயோரம் வைத்த போனை அவள் மெல்லத் திருப்பி, திரையை நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தாள். யாரும் எடுத்துக் காட்டி அவன் மாட்டிக்கொள்ள வேண்டாம். அவனாகவே சொல்லட்டும்.

சித்தி லெய்லா மகனை நிமிர்ந்து பார்த்தார். குரலில் அதட்டல் இல்லை.

“மகன், இந்தப் புள்ளைட முதுகு விஷயம் ஒனக்குத் தெரியுமா?”

முபாரிஸ் உம்மாவைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். பாயில் ஓடிக்கிடந்த தண்ணீரைப் பார்த்தான். ஸும்ரா கிடந்த பக்கம் மட்டும் அவன் கண் வரவேயில்லை.

“எனக்கு எப்பிடி உம்மா தெரியும்? நானும் இப்பத்தானே கேள்விப்படுறன்.”